நாற்பத்தொன்பது கிலோவுக்குள் ஓர் ஆள்

சிறுநீரைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். போன ஐப்பசியில் தொடங்கி அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு கதையே இருக்கவில்லை. வந்ததா, எவ்வளவு வந்தது, என்ன நிறம். என் கணவர் குகன் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். இருபத்தொன்பது வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே கிழமையில் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. அவை திரும்ப வேலை செய்யுமா, செய்தால் இந்த மனிதர் அவற்றை இன்னொரு முறையும் சாகக் கொடுப்பாரா என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி.

இதை எழுதலாமா என்று பல தடவை யோசித்தேன். குடும்பத்து விஷயம். அவருடைய பெயருக்குக் கூடாது. அவரிடமே கேட்டேன். “எழுதும்” என்றார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜிம்முக்குப் போகும் இளம் பெடியள்கூட ஒரு போட்டிக்காகத் தண்ணீரை நிறுத்தி உடம்பைக் காயவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

குகனின் ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம். தோட்டம் செய்யும் குடும்பம். பாடசாலை முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு கழகத்தில் சேர்ந்து கையுறை போட்டவர். மாகாணப் போட்டிகளில் வென்றார், தேசியப் போட்டியில் ஒரு வெண்கலம் எடுத்தார். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து கிளமென்ற் என்ற ஒருவர் அவரைப் பிடித்தார். பிடித்தார் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். கிளமென்ற் தன்னை மனேஜர் என்று சொல்லிக்கொள்வார். வெளிநாடுகளில் நடக்கும் தொழில்முறைச் சண்டைகளுக்கு இங்கிருந்து ஆள் அனுப்புவது அவருடைய வேலை. பாங்கொக்கில் ஒரு இளம் வீரன் மேலே ஏறிவர வேண்டியிருக்கும். அவன் அடித்து வெல்வதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். பார்க்கிற சனம் நம்பும் அளவுக்கு அவர் நன்றாகச் சண்டை பிடிக்க வேண்டும். வென்றுவிடவும் கூடாது. அந்த ஒருவர்தான் என் கணவர். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கலியாணம் முடிந்த பிறகு அவருடைய சண்டைகளின் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது நானே விளங்கிக்கொண்டேன். மேடையில் அவருக்குக் ‘குளவி’ என்று பெயர். அறிவிப்பாளர் அதை ஆங்கிலத்தில் இழுத்துச் சொல்லும்போது நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

நிறை வகுப்பு என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே அளவு நிறையுள்ள இருவர்தான் மோதலாம். சிறிய உடம்புக்காரருக்குக் கீழே பல படிகள் உண்டு. குகன் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் ஐம்பத்தெட்டுக் கிலோ வருவார். முதலில் ஐம்பத்து மூன்றில் சண்டை பிடித்தார், தோற்றார். எதிரில் நின்றவன் பெரிய உடம்பு, ஒரு படி இறங்கு என்றார் கிளமென்ற். ஐம்பதில் அடிபட்டார், தோற்றார். இன்னும் ஒரு படி. தோற்ற ஒவ்வொரு முறையும் அவரை இன்னும் சின்னதாக்கினார்கள். கடைசியில் வந்து நின்ற இடம் நாற்பத்தொன்பது கிலோ. அது எங்கள் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் நிறை.

நிறுவை சண்டைக்கு முதல்நாள் நடக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத் தராசில் எண் சரியாக இருந்தால் போதும். இறங்கியவுடன் லீற்றர் கணக்கில் தண்ணீர் குடித்து அடுத்த நாள் ஐந்தாறு கிலோ கூடி மேடைக்கு வருவார்கள். எதிராளியும் அதையே செய்வான். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஏமாற்றுவதால் ஒருவருக்கும் இலாபம் இல்லை, இரண்டு பேரும் காய்வதுதான் மிச்சம். நிறுவைப் படங்களை முகநூலில் போடுவார்கள். உள்ளாடையோடு, விலா எலும்பு தெரிய, கண் குழிவிழுந்து, கையை மடக்கிக் காட்டிக்கொண்டு என் பிள்ளையின் தகப்பன் நிற்பார். கீழே எங்கள் ஊர்க்காரர் ‘மண்ணின் மைந்தன்’ என்று எழுதி நெருப்புப் படம் போட்டிருப்பார்கள். பசியால் வாடிய ஒரு மனிதனைப் பார்த்து இவர்கள் எதற்காகப் பெருமைப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

மகள் யாழி பிறந்த பிறகு சண்டை ஒன்றும் வரவில்லை. அவர் நல்லூரில் ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுத்தார், நான் பிரதேச செயலகத்தில் வேலைக்குப் போய்வந்தேன். விட்டுவிட்டார் என்று நம்பினேன். கந்தசஷ்டிக்கு முதல் கிழமை, தன் தாயிடம், “அம்மா, இந்தமுறை நானும் விரதம் பிடிக்கிறன்” என்றார். மாமி கண்கலங்கிவிட்டார். அவர் வருடா வருடம் சஷ்டி பிடிப்பவர். மகன் ஒருநாளும் கோயில் பக்கம் அவ்வளவாகப் போகாதவர். பேத்தி பிறந்த பிறகு பெடியனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று மாமி அயலெல்லாம் சொன்னார்.

மற்றவர்கள் பாலும் பழமும் எடுத்தார்கள். இவர் முதல் நாட்களில் பின்னேரம் ஒரு கிளாஸ் பால் மட்டும் குடித்தார். பிறகு அதுவும் இல்லை. கடைசி நாட்களில் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. அப்படிக் கடும் விரதம் பிடிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால் யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு சோடாப் போத்தலில் துப்பிக்கொண்டிருந்தார். நுரையும் இழையுமாகப் பாதிப் போத்தல். அதைத் தொட்டு எறிந்தது நான். சோப் போட்டு எத்தனை தரம் கழுவியும் என் கையில் அந்த மணம் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தேன். மத்தியானத்தில் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடப் போனார். விரதத்தில் இது என்னத்துக்கு என்று கேட்டேன். விரதகாரன் ஓடக்கூடாது என்று எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று பகிடியாகத் திருப்பிக் கேட்டார். மாமியும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, சிறுநீரகத்தின் படத்தை நிறம் தீட்டிக் கீறிப் புள்ளி வாங்கியவள் நான். பரீட்சைத் தாளில் இருந்த சிறுநீரகமும் என் வீட்டுக்குள் நடமாடிய சிறுநீரகமும் ஒன்று என்று அந்த நேரம் தோன்றவில்லை.

சூரன்போர் அன்று கோயிலில் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டும் இளைஞர்களோடு இவரும் போய்ச் சேர்ந்தார். பாரமான மரச் சூரன். அதைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓட வேண்டும், சுழற்ற வேண்டும். வெயிலும் இருந்தது. சூரனுக்குத் தலை மாறி மாமரம் வரும் கட்டத்துக்கு முன்பே அவருடைய கால்கள் இழுத்துக்கொண்டன. கீழே விழுந்தார். தொடையிலும் முதுகிலும் தசைகள் முடிச்சு முடிச்சாக எழும்பி நின்றன. யாரோ இளநீர் வெட்டி வாயில் பிடித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பலவந்தமாக ஊற்றியதையும் துப்பிவிட்டார். சுற்றி நின்றவர்கள், சாகிற நேரத்திலும் விரதத்தை முறிக்கமாட்டேன் என்கிறார், இதல்லவா பக்தி என்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சலம், அதாவது சிறுநீர், போக ஒரு குழாய் வைத்தார்கள். பையில் கொஞ்சம் இறங்கியது. நன்றாகச் சாயம் இறங்கின, பால் விடாத பிளேன்ரீயின் நிறம். அதற்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை.

வந்த சோதனைகளை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். கிரியேற்றினின் என்பது தசைகள் வேலை செய்யும்போது வரும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். இரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று அர்த்தம். இவருக்கு மிகவும் ஏறியிருந்தது. பொற்றாசியம் என்பது ஓர் உப்பு. அது கூடினால் இருதயம் ஓடுகிற ஓட்டத்தில் நின்றுவிடலாம். அதுவும் கூடியிருந்தது. மூன்றாவது, தசை உடைந்து இரத்தத்தில் கலந்திருந்தது. பிளேன்ரீ நிறம் அதனுடையது. சொந்தத் தசையின் அழுக்கு சிறுநீரகத்தின் வடிகட்டும் குழாய்களில் போய் அடைத்திருந்தது.

சிறுநீரக நிபுணர் ஒரு பெண் வைத்தியர். குரலை உயர்த்தாதவர். என்ன நடந்தது என்று கேட்டார். மாமி முந்திக்கொண்டு விரதத்தைச் சொன்னார், பெருமை குறையாமல் சொன்னார். வைத்தியர் கேட்டுக்கொண்டிருந்தார். விரதம் பிடித்த மற்றச் சனமெல்லாம் சூரன்போர் பார்த்துவிட்டு வீட்டில் இருக்க, நல்ல தேகக்கட்டுள்ள இந்த ஒருவருக்கு மட்டும் ஏன் இப்படி என்றார். ஏதாவது மருந்து, ஊசி, ஜிம் பவுடர்? குகன் கண்ணை மூடியபடி இல்லை என்று தலையாட்டினார். மழைக்காலம், தோட்டக் காணி, எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று அதற்கும் ஊசி தொடங்கினார்கள். இரண்டு நாளில் சலம் திரும்பாவிட்டால் முதுகுப் பக்கத்தால் ஊசி செலுத்தி, சிறுநீரகத்தில் ஒரு நெல்லளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சில வேளை உள்ளே இரத்தம் கசியலாம், அந்த ஆபத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கழுத்து நரம்பில் குழாய் வைத்து மெசினில் போட்டார்கள். டயலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நம் சனம் செத்தவீட்டு முகம் வைக்கும். நடப்பது இதுதான். இரத்தம் ஒரு குழாயால் வெளியே வருகிறது, வடி ஒன்றுக்குள்ளால் ஓடிக் கழிவை விடுகிறது, மற்றக் குழாயால் திரும்பி உள்ளே போகிறது. நோவு பெரிதாக இல்லை. ஆனால் என்னால் பார்க்க முடியவில்லை. மேடையில் அவருடைய மூக்கிலிருந்து வந்த இரத்தத்தை வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அதற்குக் கைதட்டல் சத்தம் இருந்தது. இங்கே மெசின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் ஊரே வந்தது. ஆளுக்கொரு இளநீர். இளநீர் குடித்தால் சலம் போகும் என்பது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவது போல. கட்டிலுக்குக் கீழே செவ்விளநீர்கள் குவிந்தன. தாதி வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், “தங்கச்சி, உதிலை ஒண்டு உள்ளுக்குப் போனால் காணும், இருதயம் நிண்டுடும். முழுக்கப் பொற்றாசியம்” என்றார். எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிடச் சொன்னார். மாமி மட்டும் ஒன்றைச் சீலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். கோயிலில் வைத்து எடுத்தது, கொஞ்சம் நாக்கில் நனைத்தால் என்ன என்றார். நான் அதைப் பறித்தேன். மாமியின் கையிலிருந்து நான் எதையும் பறித்தது அதுதான் முதல்தடவை. சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் அந்தக் கை திறந்தபடியே இருந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவருடைய போன் என்னிடம் இருந்தது. சேர்த்த அடுத்த நாள் காலை கிளமென்ற் அழைத்தார். நான் ஹலோ சொன்னதும், குகனிடம் கொடுங்கோ என்றார். ஆஸ்பத்திரியில் என்று சொன்னேன். என்ன வருத்தம், எப்படி இருக்கிறார் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப நாளையிண்டைக்கு நிறுவைக்கு வரமாட்டானோ?”

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பாங்கொக்கில் யாரோ ஒருவன் கடைசி நேரத்தில் விலகிவிட்டான். அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சூரன்போர் முடிந்த கையோடு கொழும்பில் ஜிம் பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது என்று இவர் சொல்லி வைத்திருந்தது விமானத்துக்கு. விரதம் தராசுக்கு. முருகனுக்கென்று அவர் ஒரு துளியும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் குளித்து உடுப்பு மாற்றவும் பிள்ளையைப் பார்க்கவும் வீட்டுக்குப் போனேன். யாழியைக் குகனின் தகப்பன், என் மாமாதான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இருதயம் பலவீனம், கிளினிக்கில் மாதாமாதம் மருந்து எடுப்பவர். கதிரையில் இருந்தபடி பேத்திக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் வீங்கிப் பனங்கிழங்கு அவித்தது போல இருந்தன. செருப்புக்குள் போகவில்லை. மருந்து எடுக்கவில்லையா என்று கேட்டேன். தயங்கினார்.

“சலம் போற குளிசை முடிஞ்சுது பிள்ளை. நான்தான் எங்கையோ வைச்சிட்டன் போலை. மாமிக்குச் சொல்லாதை, ஏசுவா.”

அந்தக் குளிசை என்னவென்று எனக்குத் தெரியும். உடம்பில் தேங்கும் நீரைச் சலமாக வெளியே தள்ளுவது. இருதய நோயாளியை மூச்சுத் திணறாமல் காப்பது அது. தண்ணீரே இல்லாத ஒரு உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைப் பிழிந்து எறிந்துவிடும். குகனின் பயிற்சிப் பையைத் திறந்தேன். பழைய வியர்வை மணம் முகத்தில் அடித்தது. ஒரு காலுறைக்குள் வெறும் குளிசை மட்டைகள் கசக்கிச் செருகப்பட்டிருந்தன. மாமாவின் மட்டைகள். தகப்பனைக் குழியில் தள்ளிவிட்டு எடுத்தது போல இருந்தது எனக்கு. அந்த அறையில் நின்று நான் அழவில்லை. கையைக் கழுவினேன்.

மாமாவுக்கு வேறு குளிசைக்கு ஒழுங்கு செய்துவிட்டு வாட்டுக்குத் திரும்பினேன். அவர் முழித்திருந்தார். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. கிளமென்ற் போனில் கேட்டதைச் சொன்னேன். மட்டைகளைச் சொன்னேன். மறுக்கவில்லை. வெடித்த உதட்டை நாக்கால் தடவினார்.

“டொக்டருக்குச் சொல்லாதையும்” என்றார். “உதை அவை எழுதினால் பிறகு எனக்கு ஒருத்தரும் மெடிக்கல் சேர்ட்டிபிக்கற் தரமாட்டினம். லைசென்ஸ் போயிடும்.”

“நாளைக்கு உங்களுக்கு முதுகிலை ஊசி குத்திச் சதை எடுக்கப் போகினம்.”

“எடுக்கட்டும். அது ஆறிடும்.”

நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறுப்பு என்று எழுதினால் பெரிய சொல்லாகத் தெரியும், ஆனால் வேறு சொல் இல்லை. கழுத்தில் குழாயும் கீழே வெறும் பையுமாகக் கிடந்துகொண்டு இந்த மனிதர் அடுத்த சண்டையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அப்படி என்ன பெரிய சண்டைகள்? நாலு ரவுண்ட், ஆறு ரவுண்ட், யாரோ ஒருவனுடைய வெற்றிப் பட்டியலில் ஒரு வரி. மகளுடைய பெயரை அவர் ஒருதடவையும் சொல்லவில்லை. நான் சொன்னால் என்னை மன்னிக்க மாட்டார் என்பது தெரிந்தது. கணவன் கேட்டுக்கொண்ட ஒன்றை மீறுவது எனக்குப் பழக்கமில்லை, என்னை வளர்த்த விதம் அப்படி. ஆனால் அது எனக்குப் பெரிய தடையாக அன்று இருக்கவில்லை. சதை எடுத்து ஏதாவது நடந்தால் யாழிக்கு நான் என்ன சொல்வது என்பது மட்டும்தான் இருந்தது.

காலையில் வைத்தியர் சுற்றி வந்தபோது மாமியும் கட்டிலருகே நின்றார். வைத்தியரைக் கொஞ்சம் தள்ளி, வெளியே கூட்டிப்போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு குகனுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று பட்டது. ஒளித்துச் செய்வது அவருடைய வழி.

“டொக்டர், இது விரதமில்லை” என்றேன். “சண்டைக்கு நிறை குறைக்கிறதுக்குச் செய்தது. மாமாவின்ரை சலக் குளிசையும் எடுத்திருக்கிறார்.”

மாமி என்னைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். குகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்தியர் கட்டிலின் ஓரத்தில் கையை ஊன்றிக் குனிந்து, எத்தனை எடுத்தீர்கள் தம்பி என்று கேட்டார். அவர் காத்திருந்தார். பின்னால் நின்ற இளம் வைத்தியர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே, நாளுக்கு நாலு, கடைசி நாளில் அதற்கு மேலே என்றார்.

வைத்தியர் ஏசவில்லை. சரி, அப்ப முதுகு ஊசி தேவையில்லை என்றார். தண்ணீர் வற்றியது, குளிசை பிழிந்தது, சூரன் தூக்கித் தசை உடைந்தது, மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறது, எலிக்காய்ச்சல் மருந்தை நிறுத்தலாம். மெசினில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்து பார்ப்போம். இப்படி வந்த சிறுநீரகங்கள் பல தடவை திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் முகம் துடைத்தால் விட்டார், வாய் கொப்பளிக்கக் கோப்பை பிடித்தால் துப்பினார். கண்ணைப் பார்க்கவில்லை. மாமி வெளி நடையில் போட்டிருந்த வாங்கில் போய் உட்கார்ந்தார். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். “ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் பிள்ளை” என்றார். “கோயில்லை ஐயருக்கும் சொன்னனான்.” ஆனால் அன்று பின்னேரம் பார்வையாளர் வந்தபோது மாமி வாட் வாசலில் போய் நின்றுகொண்டார். இளநீரோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். விரதத்தைப் பற்றிக் கதை எடுத்த ஒரு அம்மாவிடம், அவன் விரதம் பிடிக்கவில்லை, அடிபாட்டுக்காகப் பட்டினி கிடந்தவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாமிக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார்.

காத்திருப்பு என்பது என்னவென்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவருக்குக் குடிக்க அளந்த தண்ணீர்தான். முன்பு தண்ணீரைத் தானாக வேண்டாம் என்றவர் இப்போது கேட்டுக் கெஞ்சினார், கொடுக்க முடியவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது குடிக்கிற தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். வாயில் ஒரு துணியை நனைத்து வைப்பேன். அதைச் சூப்புவார், யாழி பால்போத்தலைச் சூப்புவது போல. மூச்சில் மூத்திர மணம் வந்தது. கழிவு இரத்தத்தில் தேங்கினால் அப்படி வருமாம். குனிந்து கதைக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு, இப்படிப் பிடிக்கிறேனே என்று வெட்கப்படுவேன். பிறகும் பிடிப்பேன்.

இதற்கிடையில் கிளமென்ற் முகநூலில் ஒரு பதிவு போட்டார். குளவி வீழ்வதில்லை, மீண்டும் பறக்கும் என்று. கூடவே பழைய நிறுவைப் படம். நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். அவர் ஒரு தடவையும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை, வாறன் என்று சொல்லவுமில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும் வெளியே செய்ய வேண்டிய சில சோதனைகள், போய்வரும் ஓட்டோ என்று செலவு இருந்தது. அதெல்லாம் என் சம்பளத்திலும் மாமா புகையிலை விற்ற காசிலும் போனது. இவரைச் சின்னதாக்கி விற்றவர் ஒரு பிஸ்கட் பைக்கற்றும் வாங்கித் தரவில்லை.

ஒருநாள் காலை பையின் அடியில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. நான் அது விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். தாதி குனிந்து பார்த்து, குழாயை உயர்த்திப் பிடித்து, அளவுச் சாடியில் வடித்தார். ஒரு தேநீர்க் கோப்பைக்கும் குறைவு. அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். ஒரு மனிதனுடைய மூத்திரத்தை ஒரு பெண் சாடியில் பிடித்துக்காட்ட, இன்னொரு பெண் நகை பார்ப்பது போலப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். இவர்களுடைய விளையாட்டு என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று அந்த அழுகைக்குள்ளும் எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த நாள் இன்னும் வந்தது. பிறகு வெள்ளம் போல வந்தது. அதுவும் ஒரு கட்டமாம், புதிதாக எழும்பும் சிறுநீரகம் அளவு தெரியாமல் விடுமாம். மெசினை நிறுத்தினார்கள். கழுத்துக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டில் அவர் மாமாவின் பக்கத்தில் போய் இருந்தார். மாமாவின் கால் வீக்கம் வற்றியிருந்தது. பிறகு மாமா தன்னுடைய குளிசைப் பெட்டியை எடுத்து அவருடைய கையில் கொடுத்து, இனி நேரத்துக்கு நீதான் எனக்கு எடுத்துத் தர வேண்டும் என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு இப்போதும் தெரியாது. குகன் அன்றிலிருந்து தவறாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

என்னோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கினார். பிள்ளைக்குக் காய்ச்சலா, உப்பு எங்கே, இப்படி. சண்டையைப் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை. ஆனால் அறைக்குள் கண்ணாடி முன் நின்று தோளை அசைத்து நிழலோடு குத்துவதை நான் கண்டிருக்கிறேன். காணாதது போல விலகிப் போனேன். கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

போன கிழமை கிளினிக். கடைசி இரத்தச் சோதனை நன்றாக இருந்தது, முழுதாக இல்லை. சிறுநீரகங்கள் திரும்பியிருக்கின்றன, ஆனால் பழைய பலத்தில் கொஞ்சத்தை விட்டுவிட்டு வந்திருக்கின்றன என்றார் வைத்தியர். பிறகு நேராகக் கேட்டார்.

“இன்னும் சண்டை பிடிக்க ஆசை இருக்கோ?”

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வைத்தியரின் மேசையில் இருந்த பேனையைப் பார்த்தேன்.

“ஓம்” என்றார் குகன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இல்லைக்குத்தான் காத்திருந்தேன். வைத்தியர் தலையாட்டினார். பொய் சொல்லாததற்கு நன்றி என்றார். இன்னொரு முறை இப்படிக் காய்ந்தால் வாழ்நாள் முழுக்க மெசின்தான், மெடிக்கல் கேட்டு யார் வந்தாலும் தான் இதையே எழுதுவேன் என்றும் சொன்னார்.

வெளியே தாதி நிறை பார்க்கக் கூப்பிட்டார். கிளினிக்குக்கு வரும் எல்லோருக்கும் பார்ப்பதுதான். இவர் செருப்பைக் கழற்றினார், பெல்ற்றைக் கழற்றினார், சேர்ட் பொத்தானிலும் கை வைத்துவிட்டார். மூச்சை முழுதாக வெளியே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறப் போனார். “இதென்ன தம்பி, குளிக்கப் போறீரோ?” என்றார் தாதி. வரிசையில் நின்ற கிழவர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். தாதி அறுபது என்று எழுதினார், நல்லது என்றார். ஒருவருக்கும் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை.

இறங்கி வந்து செருப்பைப் போட்டபடி, “பசிக்குது” என்றார்.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவருடைய வாயால் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. கன்ரீனில் இடியப்பமும் சொதியும், ஒரு முட்டையும் எடுத்தேன். உப்புக் குறைக்கச் சொன்னது நினைவு வந்து, சொதி சரியோ என்று யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். சொதி மணிக்கட்டால் வழிந்தது. மோவாயில் ஒரு இடியப்ப நூல் ஒட்டியிருந்தது. பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேசையில் போன் அதிர்ந்தது. கிளமென்ற். அவருடைய கை தட்டில் நின்றது. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொதி படாத மற்றக் கையால் போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“நீர் கதையும்.”

எடுத்தேன். கிளமென்ற் உற்சாகமாக இருந்தார். குகன் தேறிவிட்டான் என்று கேள்விப்பட்டாராம். நல்ல சான்ஸ் ஒன்று வந்திருக்கிறதாம், இந்தமுறை ஐம்பத்து மூன்றிலாம், பெரிதாகக் காய வேண்டியதில்லையாம், ஒரு கொஞ்சம் இறக்கினால் போதுமாம். மெடிக்கலுக்குத் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறாராம். போனை அவனிடம் கொடுங்கோ என்றார்.

குகன் இன்னொரு இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“இப்ப தரேலாது” என்றேன். “அவர் சாப்பிடுறார்.”